விருந்துக்காக ஒழித்த கோழிக்கூடு

போளூர்
(கொடைக்கானல் மலை)
24.11.2024

மதினிக்கு,

நலம் கேட்பதற்கு முன்பே உங்கள் கேள்விக்கு வந்துவிடுகிறேன். மருமகள் ஷர்மிளாவின் உடம்பில் திட்டுத்திட்டாகத் தடித்து அரிப்பது என்ன, அது ஒட்டுகிற வியாதியா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் படித்தது விலங்கியல், வைத்தியம் அல்ல. கண்ணால் பார்க்காத ஒன்றுக்குப் பெயர் வைக்க எனக்கு விருப்பமும் இல்லை.

ஆனால் “எம்.எஸ்சி. படிச்ச உனக்குத் தெரியாமலா இருக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தோன்றுவதைச் சொல்கிறேன். ராத்திரியில் அதிகமாக அரிக்கிறது, இடுப்பைச் சுற்றி இருக்கிறது என்றால் சிரங்காக இருக்கலாம். தோலுக்குள் குடியிருக்கும் மிகச் சிறிய பூச்சியால் வருவது. ஆளுக்கு ஆள் ஒட்டும். துணியும் படுக்கையும் தனியாக இருப்பது நல்லது. கல்யாணத்துக்கு முன்பே இருந்ததா, அவள் அம்மா வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று விசாரியுங்கள். எல்லாவற்றையும்விட டாக்டரிடம் காட்டுவது நல்லது.

தீபாவளி முடிந்து விருந்துக்கு இங்கே வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். சஷ்டிக் கூட்டம், கடையில் ஆள் வேண்டும் என்று புது மாப்பிள்ளை சிவமுருகன் மறுநாளே மலை இறங்கிவிட்டான். அவள் சஷ்டி முடியும்வரை இருந்தாள். என்னை ‘சின்னம்மா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். குளிர் தாங்காமல் நடுங்கினாள் என்று ஒரு கம்பளியைக் கொடுத்துவிட்டேன்.

போனில் பேச வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரி. இங்கே டவர் கிடைக்க டீக்கடை மேட்டில் நின்று கத்த வேண்டும். ஊருக்கே கேட்கும்.

அண்ணனின் மூட்டுவலி எப்படி? நாங்கள் இருவரும் சுகம். மழை நின்று பனி தொடங்கிவிட்டது. கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டன.

விசாலாட்சி


பழனி அடிவாரம்
5.12.2024

அன்பு விசாலத்துக்கு மதினி எழுதுறது. முருகன் புண்ணியத்துல இங்க எல்லாரும் நடமாட்டமா இருக்கோம். உங்க அண்ணனுக்கு மூட்டுவலி வாரதும் போறதுமாத்தான் இருக்கு. உன் வீட்டுக்காரரு வேலுச்சாமி அண்ணன் சொகந்தான?

உன் கடுதாசிய உங்க அண்ணனுக்கும் படிச்சுக் காட்டுனேன். நீ எழுதுனதுல சிரங்குங்குற ஒத்த வார்த்தைதான் அவருக்குக் காதுல விழுந்துச்சு. “எந்தங்கச்சி யோசிக்காம எழுத மாட்டா”ன்னுட்டாரு.

அன்னைக்கே அவளுக்குத் தட்டு டம்ளரத் தனியா எடுத்து வச்சேன். மாறிறக் கூடாதேன்னு தட்டுக்கு அடியில நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வச்சேன். வைக்கும்போது அவ பாத்துட்டா. சிவமுருகன் கூடத்துல படுத்துக்கிறான்.

நீ சொன்ன மாதிரி கேட்டும் பாத்தேன். “கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சாம்மா?” “இல்ல அத்த.” “பெறகு எப்ப வந்துச்சு?” இதுக்கு மட்டும் வாயத் தொறக்கல. தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறா. மடியில கனம் இல்லைன்னா சொல்ல வேண்டியதுதான? டாக்டருகிட்ட எங்கிட்டுப் போறது. பழனியில எந்த டாக்டரு வாசல்லயும் நம்ம கடைக்காரன் எவனாச்சும் டோக்கன் வாங்கிக்கிட்டு ஒக்காந்திருப்பான். மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்டேன், கந்தக மருந்தும் வாங்கிப் போட்டேன். தோலு எரியுதுன்னு அழுகுறா. கொறையல.

கார்த்திகைக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டு வான்னு சொல்லி வத்தலக்குண்டுக்கு அனுப்பப் போறேன். சரியானதும் கூப்பிட்டுக்கலாம். நீ சொல்லித்தான் மனசு தெளிஞ்சுச்சு.

பழனியம்மாள்


போளூர்
15.12.2024

மதினிக்கு,

அண்ணனும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே காலையில் புல் மேல் உப்பைக் கொட்டினாற்போல் உறைபனி.

நான் ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதினேன். தட்டைத் தனியாக வைக்கச் சொல்லி எழுதவில்லை. துணி, படுக்கை என்றுதான் எழுதினேன். தட்டால் அது பரவாது.

கோழிகளுக்குத்தான் ஏதோ சரியில்லை. இரண்டைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தேன். வாலுக்குக் கீழே வைக்கோல் நிறத்தில் பேன் ஓடியது. இறகின் அடியில் ஈரு. கோழிப்பேன் மனிதர் மேல் தங்காது, கோழியை விட்டு இறங்கினால் செத்துவிடும். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், சும்மாதான். அடுப்புச் சாம்பலையும் மணலையும் கலந்து ஒரு குழியில் கொட்டிவைத்தேன். புரண்டு குளிக்கின்றன.

ஷர்மிளா அந்தக் கம்பளியை அங்கே போர்த்திக்கொண்டாளா? வத்தலக்குண்டுக்கும் எடுத்துப் போயிருக்கிறாளா? தெரிந்தால் எழுதுங்கள்.

விசாலாட்சி


பழனி அடிவாரம்
30.12.2024

அன்பு விசாலத்துக்கு,

அங்க பனியில ஒடம்பப் பாத்துக்க. இங்க மாலை போட்ட சாமிமாரு கூட்டம். கையும் காலும் ஓயல.

வத்தலக்குண்டுக்குப் போன ரெண்டே வாரத்துல அவளுக்குச் சுத்தமாப் போயிருச்சாம். எப்படிப் போச்சு? நான் பூசாத மருந்தா? பழகுன வியாதியா இருந்தாத்தான் மருந்து தெரியும். அவங்க அம்மா போன்ல, “ஒண்ணும் போடலைங்க, தேங்கா எண்ணெதான்”ங்குது. நம்புற மாதிரியா இருக்கு? உங்க அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு, மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு.

கம்பளியவா கேட்ட? இங்க இருந்தவரைக்கும் தெனமும் போத்திக்கிட்டுத்தான் கெடந்தா. உன் ஞாவகமாம். அங்க வேர்க்குதுன்னு அவங்க அம்மா வெயில்ல போட்டு ஒதறிப் பரண்ல வச்சிருச்சாம். அவ நேத்துப் போன்ல சொன்னது. இதெல்லாம் எதுக்குக் கேக்குற?

நடந்தத எழுதணும். திருமலைச்சாமி சம்பந்தி முந்தாநாளு நேரா கடைக்கே வந்துட்டாரு. வெள்ள வேட்டி, கையில ஒரு சீப்பு மலைவாழப்பழம். “எம்புள்ளைக்கு என்ன நோவுன்னு சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்”னாரு. சாமிமாரெல்லாம் சந்தனம் வாங்க நிக்கிறாங்க. உங்க அண்ணன் கல்லாப்பெட்டியில இருந்து உன் கடுதாசிய எடுத்து, கண்ணாடியப் போட்டு, அவருக்குப் படிச்சுக் காட்டுனாரு. “இது எழுதுனது எந்தங்கச்சி. விலங்கியல் படிச்சவ”ன்னாரு. அதுக்கு சம்பந்தி, “எம்புள்ள என்ன விலங்கா?”ன்னு கேட்டுட்டு, பழத்த கல்லா மேல வச்சுட்டுப் போயிட்டாரு. அந்தப் பழத்த யாரும் தொடல.

பழனியம்மாள்


போளூர்
18.1.2025

மதினிக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும். அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குப் பூண்டுக் காட்டு வேலையைக் காரணம் சொல்ல நினைத்தேன். வேலை அவ்வளவு இல்லை.

கோழிகளைப் பற்றி எழுதுகிறேன். கொண்டை வெளுத்துவிட்டது. அடை உட்கார்ந்த பெட்டை முட்டைகளை விட்டு எழுந்துபோய்விட்டது. சாயங்காலமானால் கூட்டுக்குள் போகாமல் பேரி மரத்தில் ஏறிக்கொள்கின்றன. பகலில் பிடித்துப் பார்த்து, பேனைக் கண்டதும் அதோடு நிறுத்தியது என் தவறு. கூட்டில் அவை உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அது ரத்தம். கட்டையின் வெடிப்புகளில் மிளகைப் பொடித்துத் தூவியது போல் அப்பியிருந்தது. பொடி நகர்ந்தது. இதைத்தான் செல்லு என்கிறார்கள். பேன் கோழியின் மேலேயே பிறந்து அங்கேயே சாகும். செல்லு இடுக்கில் குடியிருக்கும். இருட்டியதும் வந்து ரத்தம் குடித்துவிட்டு இடுக்குக்கே திரும்பும். கோழிக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

இவர் பூண்டுக்கு அடிக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு வந்தார். “அடிச்சு விட்டுருவமா? செல்லும் போகும், கோழியும் போகும், சோலி முடிஞ்சுச்சு.” பிடுங்கி வைத்துவிட்டு, கொடைக்கானல் போய்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, கூட்டுக்கென்று மருந்து வாங்கி வந்தேன். கட்டைகளை எரித்தோம். பலகைகளுக்குக் கொதிநீர் ஊற்றி, இடுக்கெல்லாம் மருந்து தெளித்து, சுண்ணாம்பு அடித்தோம். முட்டை பொரித்து மறுபடி வரும் என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

கூட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற அறையையும் சுத்தம் செய்தேன்.

ஷர்மிளாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

விசாலாட்சி


பழனி அடிவாரம்
27.1.2025

விசாலத்துக்கு,

பூசம் வருது. பாதயாத்திரைக் கூட்டம் இப்பவே ரோட்ட அடைச்சிருச்சு. நீங்க ரெண்டு பேரும் சொகமா இருந்தாச் சரி.

நாலு பக்கம் கோழியப் பத்தி எழுதி, கடைசி வரியில கூப்பிட்டுக்கலாம்ங்குற. ஏன்னு எழுதல. அன்னைக்கு ஒட்டும்னு எழுதுனவ நீதான. இன்னைக்கு ஒட்டாதுன்னா அதயும் நீதான் எழுதணும். உங்க அண்ணன் ஒரே பிடியா நிக்கிறாரு. பூசம் முடிஞ்சதும் பெரியவங்க நாலு பேர ஒக்கார வச்சு, பேசி அத்து விட்டுறலாம்ங்குறாரு. சிவமுருகன் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. கூடத்துலயே படுத்துக் கெடக்கான். சோறு எறங்கல அவனுக்கு.

காரணம் இருந்தா வெரசா எழுது. இல்லைன்னா இந்தப் பேச்ச விட்டுரு.

பழனியம்மாள்


வத்தலக்குண்டு
31.1.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு ஷர்மிளா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் சித்தப்பாவும் நலமா? நான் நலம். உடம்பில் தழும்பு மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அதுவும் மங்கிவிட்டது.

பூசம் முடிந்து பேசப் போகிறார்கள் என்று அப்பாவுக்குத் தகவல் வந்தது. அப்பா ரெண்டு நாளாகத் தன் கடையைத் திறக்கவில்லை. நீங்கள் எழுதியதை அங்கே எல்லோர் முன்னாலும் படித்தார்கள் என்று அப்பா சொன்னார். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் பார்க்காமல் எழுதியது.

ஒரு விஷயம் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் முதல் ராத்திரியிலிருந்தே என்னவோ கடித்தது. விளக்கைப் போட்டால் ஒன்றும் தெரியாது. காலையில் நீங்கள் “நல்லாத் தூங்குனியா சாமி?” என்று கேட்பீர்கள். எனக்காகக் கோழி அறுத்து, இருப்பதிலேயே நல்ல அறையைக் கொடுத்து, அடுப்பு வாசலில் உட்கார வைத்துத் தோசை சுட்டுப் போட்டீர்கள். உங்கள் வீட்டில் பூச்சி கடிக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? தூங்கினேன் சின்னம்மா என்றுதான் சொன்னேன். அத்தை எப்போது வந்தது என்று கேட்டபோதும் அதனால்தான் சொல்லவில்லை. விருந்துக்குப் போன வீட்டைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போதும் நீங்கள் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். ஆனால் அது என்ன பூச்சி சின்னம்மா? உங்களுக்குத் தெரியுமா?

ஷர்மிளா


போளூர்
6.2.2025

ஷர்மிளாவுக்கு,

உன் அப்பா, அம்மா நலமாக இருக்க வேண்டும்.

தெரியும். கோழிச்செல்லு. பொங்கலுக்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தில் ‘நீங்கள் பார்க்காமல் எழுதியது’ என்று ஒரு வரி இருக்கிறது. பார்த்த பிறகு எழுதாமல் இருந்ததையும் நீ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யாரிடமும் மறைக்காதே. உன் அம்மாவிடம் இன்றே சொல்.

விசாலாட்சி


போளூர்
7.2.2025

மதினிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். காரணம் கேட்டீர்கள். இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். சம்பந்தியிடமும் படிக்க வேண்டும். சாமிமார் முன்னால் படித்தாலும் சரி.

ஷர்மிளாவுக்கு எந்த வியாதியும் இல்லை. இருந்ததும் இல்லை. அவளைக் கடித்தது என் வீட்டுக் கோழிச்செல்லு.

அவள் படுத்த அறைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அடுப்பு அனல் படுவதால் வீட்டிலேயே கதகதப்பான இடம் என்று நானே அதைக் கொடுத்தேன். விருந்துக்காக, இருந்த கோழிகளில் பாதியை அறுத்தோம். புதுப்பெண்ணுக்கு வாடை ஆகாது என்று மீதியைப் பூண்டுக் கொட்டகைக்கு மாற்றிக் கூட்டை ஒழித்துப் போட்டேன். கூட்டில் கோழி இருந்திருந்தால் செல்லு கோழியைத்தான் கடித்திருக்கும். பசியில் பலகை இடுக்கு வழியாக அவளிடம் போயிருக்கிறது. மரியாதை என்று நான் செய்த ஒவ்வொன்றும் அவளைக் கடிக்க வழி செய்தது. அவள் இறங்கிய பிறகு கோழிகளைக் கூட்டிலேயே விட்டேன். நாங்கள் முன்னறையில் படுப்பவர்கள், அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. ஞாபகத்துக்கு என்று கொடுத்த கம்பளியிலும் மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டு பழனிக்கு வந்திருக்கிறது. அவள் அம்மா அதை வெயிலில் போட்டதும் கடி நின்றது. அந்த வீட்டுக்குத் தெரிந்த மருந்து அவ்வளவுதான். மற்றபடி நீங்கள் பூசிய கந்தகம்தான் எரிந்திருக்கும்.

ஊகமாக எழுதவில்லை. கூட்டில் செல்லைப் பார்த்த பிறகு, அந்த அறையில் நான் படுத்துப் பார்த்தேன். காலையில் பாவாடை நாடா இறுகும் இடத்தில் வரிசையாகத் தடித்திருந்தது. நீங்கள் முதல் கடிதத்தில் எழுதிய அதே இடம்.

இது பொங்கலுக்கு முன்பு. அதன் பிறகுதான் உங்களுக்குக் கோழியைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். செல்லு பிடித்த வீட்டில் புதுப்பெண்ணைப் படுக்க வைத்தாள், படித்தவள் வீட்டு லட்சணம் என்று பழனியில் பேசுவார்களே என்று கூசினேன். அந்தப் பெண்ணைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பெயரைத்தான் முதலில் நினைத்தேன். அவளோ, என் பெயரைக் காப்பாற்ற உங்கள் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பெரியவர்கள் யாரையும் உட்கார வைக்க வேண்டாம். பூசக் கூட்டம் குறைந்ததும் நான் வருகிறேன்.

விசாலாட்சி


பழனி அடிவாரம்
14.2.2025

வீட்டுக்காரருக்கு எழுதுவது,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உங்களுக்குக் காலையில் கஞ்சி வைத்துத் தர ஆள் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் போளூர் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட ஆள் பிடிக்கிறேன். நாளைக்கும் வர முடியாது.

அண்ணன் கடையில் இருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். “சாப்பிட்டுப் போ” என்றார். முகத்தைத் திருப்பவில்லை. கடிதத்தைப் படித்திருக்கிறார். கல்லாப்பெட்டி மேல்தான் கிடந்தது.

மதினி இலை போடவில்லை. தட்டு வைத்தார். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் வைத்தார். தின்றுவிட்டுக் கழுவக் கவிழ்த்தபோது அடியில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. நான் பார்த்ததை மதினியும் பார்த்தார்.

“அவ ஒரு நாளும் இதுல சோறு மிச்சம் வைக்கல” என்றார்.

பிறகு சேலையை மாற்றிக்கொண்டு வந்து, “கெளம்பு. வெள்ளனே போயிட்டு வெள்ளனே வரணும்” என்றார். வத்தலக்குண்டு வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை, “நீ சிரங்குன்னு எழுதாட்டியும் நான் வேற என்னமாச்சும் நெனச்சிருப்பேன்” என்றார். எனக்குச் சமாதானம் சொன்னாரா என்று தெரியவில்லை.

சம்பந்தி வாசலில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுப் படியில் இரண்டு பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. சம்பந்தியம்மா டீ கொண்டு வந்து, “எல்லாரும் குடிக்கிற டம்ளருதான் மதினி, தனியா வைக்க எங்ககிட்ட டம்ளரு கெடையாது” என்று நீட்டினார். மதினி டம்ளரை வாங்கும்போது டீ சேலையில் சிந்தியது.

ஷர்மிளா உள்ளிருந்து வந்தாள். இளைத்திருக்கிறாள். மதினி அவள் கையைப் பிடித்து, “வந்துரும்மா” என்றார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “அவுக வந்து கூப்பிடட்டும் அத்த. ரெண்டு மாசமா ஒரு போன் இல்ல” என்றாள். என்னைப் பார்த்து, “கோழிக்கெல்லாம் சரியாயிருச்சா சின்னம்மா?” என்று கேட்டாள்.

முட்டையிட ஆரம்பித்துவிட்டன என்றேன்.

இரண்டாவது மருந்து தெளித்தபின் கூட்டின் வடக்கு மூலையைப் பார்க்க மறந்துவிட்டேன். வெள்ளைத் துணி கதவுக்குப் பின்னால் இருக்கிறது. துடைத்துப் பாருங்கள்.

15.2.2025

நேற்று ஆள் கிடைக்கவில்லை. ஆகவே இன்று நடந்ததையும் எழுதுகிறேன். விடிந்ததும் அண்ணன் சிவமுருகனைக் கூப்பிட்டு, “ஏலே, கடைய நான் பாத்துக்கிறேன், நீ போ” என்றார். போனான். சாயங்காலம் வரை வரவில்லை. மதினி வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில், அங்கேயே தங்குகிறான், மாமனார் சாப்பிடச் சொல்லிவிட்டார் என்று போன் வந்தது. அவள் எப்போது வருகிறாள் என்று மதினி கேட்டதற்கு, “இன்னும் சொல்லலம்மா” என்றானாம்.

வத்தலக்குண்டு பஸ் கண்டக்டரிடம் என் பெயர் எழுதி ஒரு பை கொடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே அந்தக் கம்பளி இருந்தது. துவைத்து, நான்காக மடித்து வைத்திருந்தது. சீட்டு ஒன்றும் இல்லை. பிரித்து வெயிலில் போடலாமா என்று மதினி கேட்டார். வேண்டாம், அவள் போட்டிருக்கிறாள் என்றேன்.

விசாலாட்சி